ஆடிட்டருக்கு வந்த 17 தீபாவளி மெயில்: ஒரு பெட்ஷீட் கடையின் இமெயில் விளம்பரம் கவிழ்ந்த விதம்

சென்னிமலையில் பெட்ஷீட், துண்டு, ஜமுக்காளம் விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் சில்லறைக் கடை, பின்னால் குடோன். கோபி, தாராபுரம், உடுமலை பக்கத்து ஜவுளிக்கடைகளுக்கு மொத்த விலையில் சரக்கு போகிறது. ஊட்டி, பழனி லாட்ஜுகளுக்கும் கொஞ்சம் போகிறது. மூன்று வருடமாக வெப்சைட்டிலும் ஆர்டர் வருகிறது. தீபாவளிக்கு 13 நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு, இந்தக் கடை 6,200 பேருக்கு இமெயில் விளம்பரம் அனுப்பத் தொடங்கியது. மத்தியானம் 1 மணிக்கு, மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் ஆன்லைன் சேவையே கடையின் கணக்கை நிறுத்திவைத்துவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது ஒரே ஒரு கடைக்கு நடந்ததல்ல. இந்தப் பக்கத்துச் சிறு ஜவுளிக்கடைகள் இமெயிலில் வழக்கமாகச் சறுக்கும் இடங்களை எல்லாம் ஒரு மாதிரிக் கடையின் தலையில் ஏற்றி எழுதியது. கடையின் விற்பனை, செலவு, பட்டியல் எண்கள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை. ஜிமெயில், யாஹூ விதிகளைப் பற்றி வரும் எண்கள் மட்டும் நடைமுறையில் உள்ளவை.

பட்டியல் வந்த வழி

6,200 முகவரியும் நான்கு வழியில் சேர்ந்தவை. கணக்கெழுதும் மென்பொருளான டாலியின் லெட்ஜரில் இருந்து 1,400. கோவை கொடிசியாவில் கண்காட்சி ஸ்டால் போட்டபோது நோட்டில் எழுதி வாங்கியதும் விசிட்டிங் கார்டுமாக 900. வெப்சைட்டில் ஆர்டர் போட்டவர்கள் 700. மீதி 3,200, 'ஓட்டல், லாட்ஜ், ஆஸ்பத்திரி டேட்டா' என்ற பெயரில் 3,500 ரூபாய்க்கு வாங்கிய எக்செல் ஃபைல்.

நான்கையும் ஒரே ஷீட்டில் ஒட்டி, பெயர் அகர வரிசையில் அடுக்கி, துண்டு துண்டாகச் சேவையில் ஏற்றிவிட்டார்கள். கவிழ்ந்தது இந்த இடத்தில்தான். எந்த முகவரி எந்த வழியில் வந்தது என்று குறிக்கத் தனிக் கட்டம் ஒன்று கூட விடவில்லை. அது ஒன்று இருந்திருந்தால் பின்னால் பாதித் தலைவலி இல்லை.

சேவை கணக்கை நிறுத்தும் முன் 2,600 மெயில் போயிருந்தது. அதில் 468 திரும்பிவிட்டது, அதாவது 18 சதவீதம். பிறகு பழைய ஃபைல்களை எடுத்து வழிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது படம் தெளிந்தது. வெப்சைட் ஆட்கள் 290 பேருக்குப் போனதில் திரும்பியது 6. டாலி முகவரி 590-இல் 62. கண்காட்சி 380-இல் 71. விலைக்கு வாங்கியது 1,340-இல் 329, கிட்டத்தட்ட நாலில் ஒன்று. வந்த ஆர்டர் மொத்தம் 3. மூன்றுமே அந்த 290 பேரிடம் இருந்து. மற்ற 2,310 பேரிடம் இருந்து ஒரு துண்டுக்குக் கூட ஆர்டர் இல்லை.

கண்காட்சி நோட்டில் பிரச்சினை கையெழுத்து. ஒன்று என்ற எண்ணும் ஆங்கில எல் எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். பூஜ்யமும் ஓ எழுத்தும் அப்படித்தான். டாட் காம் என்பதை டாட் கான் என்று அடித்தது மட்டும் 11 இருந்தது. ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி விட்டுப்போனால் பரவாயில்லை, அது புள்ளியைக் கணக்கில் எடுக்காது. எழுத்து மாறினால் போச்சு. ஸ்டாலில் நோட்டுக்குப் பதிலாக ஒரு கியூ.ஆர் ஒட்டி, வந்தவர்களையே அவர்கள் போனில் அடிக்கச் சொல்லியிருந்தால் பாதி பேர்தான் கொடுத்திருப்பார்கள். அந்தப் பாதியும் சரியாக இருந்திருக்கும்.

வாங்கிய ஃபைலைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அந்த லாட்ஜுகள் இந்தக் கடையிடம் எதுவும் கேட்கவில்லை. அதில் யாஹூ, ரெடிஃப்மெயில் முகவரிகள் நிறைய. எப்போதோ திரட்டி, பலருக்கு விற்றுத் தீர்த்த சரக்கு. இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரில் இருந்து கூகுள் அழிக்கத் தொடங்கிவிட்டதால், பழைய ஜிமெயில் முகவரிக்கும் இனி நம்பிக்கை இல்லை. இதைவிட மோசமானது பொறி முகவரி. யாரும் பயன்படுத்தாத பழைய பெட்டிகளைச் சில நிறுவனங்கள் வேண்டுமென்றே உயிரோடு வைத்திருக்கும். அதற்கு மெயில் வந்தால், அனுப்பியவர் அனுமதி வாங்காமல் அனுப்புகிறார் என்று குறித்துக்கொள்ளும். அது திரும்பி வராது, அதனால் அகப்பட்டதே அனுப்பியவருக்குத் தெரியாது.

டாலி லெட்ஜருக்குள் இருந்தது

வெளியில் இருந்து பார்த்தால் டாலி முகவரிகள்தான் நம்பகமானவை. பணம் கொடுத்துச் சரக்கு வாங்கிய பார்ட்டிகள் ஆயிற்றே. ஆனால் அதிக சேதம் இங்கிருந்துதான் வந்தது.

ஜி.எஸ்.டி பதிவு செய்யும்போது பல சிறு கடைக்காரர்கள் தங்கள் மெயில் ஐடியைத் தருவதில்லை. ஆடிட்டர் ஆபீஸ் ஐடியே பதிவில் ஏறும். அதே ஐடி பில்லுக்கும் லெட்ஜருக்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரே ஆடிட்டர் முகவரி 17 லெட்ஜரில் இருந்தது. அவருக்கு ஒரே மெயில் 17 தடவை போனது. சேவைகள் வழக்கமாக ஒரே முகவரியை இரண்டு தடவை ஏற்றவிடாது. இங்கே பட்டியலைத் துண்டு துண்டாகப் பல பட்டியலாக ஏற்றியதால் அந்தக் காவலும் இல்லாமல் போனது.

இன்னொன்று, பெயர். மெயிலின் முதல் வரியில் 'வணக்கம்' என்பதற்குப் பின்னால் பெயர்க் கட்டத்தைச் செருகியிருந்தார்கள். டாலியில் பெயர்க் கட்டம் என்றால் லெட்ஜர் பெயர். கணக்கெழுதுகிறவர் தன் வசதிக்கு எதையும் அதில் வைத்திருப்பார். அதனால் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போன ஒரு மெயில் இப்படித் தொடங்கியது: 'வணக்கம் உடுமலை பார்ட்டி பழைய பாக்கி அவர்களே, உங்கள் குடும்பத்தினருக்கு இனிய தீபாவளி வாழ்த்துகள்!'

சிரிப்பாக இருக்கலாம். ஒரு வாடிக்கையாளருக்குக் கடன் பாக்கி இருப்பதை மூன்றாம் ஆளிடம் எழுத்தில் சொன்னதாகிறது அது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வந்துவிட்டது. பில்லுக்கென்று கொடுத்த விவரத்தை விளம்பரத்துக்கு எடுத்தால் தனியாகச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிலைக்கு எல்லாக் கடைகளும் வந்தாக வேண்டும். சட்டத்தை விடுங்கள், உடுமலைக்காரர் காதுக்குப் போனால் என்ன ஆகும்?

போனது. ஆடிட்டர் ஆபீஸ் பையன் அதை போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சாயங்காலம் போன் வந்தது. உடுமலைக்காரர் பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. அவர் கேட்டது வேறு:

"ஏனுங்ணா, எங்களுக்கு 410 போட்டுக் குடுத்த டபுள் பெட்ஷீட்ட, ஆஃபர் 425-ன்னு ஊரெல்லாம் அனுப்பிச்சிருக்கறீங்களாமா. அப்பறம் நாங்க என்னத்தைங் விக்கறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அவர் அதே பெட்ஷீட்டை 520-க்கு விற்றுக்கொண்டிருந்தார். சில்லறை வாடிக்கையாளருக்கான தள்ளுபடி விலை, மொத்த வியாபாரிக்கும் லாட்ஜுக்கும் கண்காட்சியில் பார்த்துப் போனவருக்கும் ஒரே மெயிலாகப் போனால் இதுதான் நடக்கும். தீபாவளிக்கு அவர் எடுக்க வேண்டிய கடைசி லோடை நிறுத்திவிட்டார். மெயில் விளம்பரத்தின் செலவு டேட்டாவுக்கு 3,500, டிசைனுக்கு 4,000, சேவைக்கு 2,500 என்று 10,000 ரூபாய். வந்த மூன்று ஆர்டரின் மதிப்பு 8,700. நஷ்டக் கணக்கு எழுதுகிறவர்கள் வழக்கமாக இத்தோடு நிறுத்திவிடுவார்கள். உடுமலை லோடு எந்தக் கணக்கிலும் வராது.

மெயிலுக்குள் இருந்தது

மெயிலின் மேல்பாதி முழுக்க ஒரே படம். ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் செய்தது. குத்துவிளக்கு, பட்டாசு, பெட்ஷீட், கூப்பன் எண், போன் நம்பர் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே. படம் இறங்காத போனில் வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரியும், ஏனென்றால் படத்துக்குப் பதிலாகக் காட்டும் மாற்று வாசகம் எதுவும் கொடுக்கவில்லை. இறங்கினாலும் கூப்பனைக் காப்பி செய்ய முடியாது, போன் நம்பரைத் தொட்டு அழைக்க முடியாது. பேனருக்குச் சரி. அதை ரோட்டில் நின்று பார்ப்பார்கள், யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

முதலில் எழுத்தாகவே போடத்தான் பார்த்தார்கள். ஃபிளெக்ஸ் கடையில் இருந்த வாசகம் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. அதை மெயிலில் ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாகத் தெரிந்தது. யூனிகோடுக்கு மாற்றினால் தீர்ந்துபோகும் வேலை அது. அந்த அவசரத்தில் படமாகவே ஒட்டிவிட்டார்கள்.

கீழ்பாதியில் 140 அயிட்டம் விலைப்பட்டியல், எக்செல்லில் இருந்து நேராக ஒட்டியது. எக்செல்லில் இருந்து ஒட்டினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம், கோடு, எழுத்துரு என்று கண்ணுக்குத் தெரியாத மூட்டை ஒன்று கூடவே வரும். தமிழுக்குத் தனி எடை வேறு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். 'க' என்று எழுத 3 பைட், 'கொ' என்று எழுத 6. ஜிமெயில் ஒரு மெயிலின் உள்ளடக்கக் குறியீடு சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் அதோடு வெட்டிவிட்டு, முழுதும் பார்க்க இங்கே தொடவும் என்று காட்டும். படத்தின் எடை இதில் சேராது. இந்த மெயில் 90-வது அயிட்டம் அருகே வெட்டுப்பட்டது. 'இனி மெயில் வேண்டாம்' என்ற இணைப்பு எங்கே இருந்தது? கடைசி வரியில்.

விலகும் வழி தெரியாதவர் என்ன செய்வார்? ஸ்பேம் பொத்தானை அமுக்குவார். ஜிமெயில் சொல்லும் வரம்பு 0.3 சதவீதம், 0.1-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்றும் சொல்கிறது. அதாவது ஆயிரம் பேரில் 3 பேர் அமுக்கினாலே ஆபத்து. 140 அயிட்டத்தை ஒரு மெயிலில் அடைத்ததற்கும் ஸ்பேமில் விழுந்ததற்கும் உள்ள தொடர்பு இதுதான். கடையில் யாருக்கும் அது தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

டொமைன் பக்கம்

2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கின. ஜிமெயில் பெட்டிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்பினால், மெயில் உண்மையிலேயே அந்த டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) இருந்து வந்ததா என்று காட்டும் எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம் (மெயிலோடு போகும் கையொப்பம்), டிமார்க் (இவை தவறினால் மெயிலை என்ன செய்வது என்ற குறிப்பு) மூன்றும் வேண்டும், ஒரே தட்டில் விலகும் வசதியும் வேண்டும். நம்முடையதில் ஜிமெயில் மட்டும் 5,000 வராது, அதனால் நமக்கில்லை என்று கடையில் விட்டுவிட்டார்கள். ஆனால் எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம் இரண்டில் ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும் என்பதும், அந்த 0.3 சதவீத வரம்பும் சிறிதோ பெரிதோ அனுப்புகிற எல்லாருக்கும் உண்டு.

எஸ்.பி.எஃப் என்பது இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கெல்லாம் அனுமதி என்று, டொமைனின் பொதுப் பதிவேடான டி.என்.எஸ்ஸில் எழுதிவைக்கும் ஒரே ஒரு வரி. வெப்சைட் ஹோஸ்டிங்காரர் ஏற்கெனவே ஒரு வரி போட்டிருந்தார். புதிய சேவை கேட்டபோது அதற்குக் கீழே இரண்டாவது வரி சேர்த்தார்கள். இரண்டு வரி இருந்தால் இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே புதிய சேவையின் பெயரையும் சேர்த்திருக்க வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்க மொத்தம் 10 டி.என்.எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது என்ற கணக்கும் அதில் உண்டு.

டி.கே.ஐ.எம் கையொப்பத்தில் வேறு சறுக்கல். சேவை கொடுத்த பெயரை அப்படியே முழுதாக ஒட்டினார்கள். பல டி.என்.எஸ் பலகைகள் டொமைன் பெயரைத் தாங்களாகவே கடைசியில் சேர்க்கும். அதனால் டாட் காம் இரண்டு தடவை வந்து நின்றது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும், வேலை செய்யாது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஆள் தேட வேண்டியதில்லை. பட்டியலுக்கு அனுப்பும் முன் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பிக் கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' என்பதைப் பார்த்தால், மேலேயே மூன்றும் பாஸா ஃபெயிலா என்று எழுதியிருக்கும். இரண்டு நிமிட வேலை. திரும்பி வந்த மெயில்களும் காரணம் சொல்லும். 550 5.1.1 என்றால் அப்படி ஒரு பெட்டியே இல்லை, அந்த முகவரியை அன்றே எடுத்துவிட வேண்டும். 421 என்று தொடங்கினால் இப்போதைக்கு வேண்டாம், பிறகு முயற்சி செய் என்று பொருள். 550 5.7.26 என்றால் அனுப்பியது யாரென்று உறுதிப்படவில்லை. 468-இல் எது எத்தனை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் 'போகலை' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டார்கள்.

ஜிமெயில் கை கொடுக்காத கதை

சேவை நிறுத்திய பிறகு விட்டிருந்தால் சேதம் அத்தோடு போயிருக்கும். மிச்சம் 3,600 இருக்கிறதே என்று கடையின் தினசரி ஜிமெயிலில் இருந்தே, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி பி.சி.சி போட்டு அனுப்பத் தொடங்கினார்கள். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான். வரம்பைத் தொட்டதும், வரும் மெயில் வந்துகொண்டிருக்கும், ஆனால் 24 மணி நேரம் வரை எதுவும் அனுப்ப முடியாது. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமைகளில் ஒன்று அது. கொட்டேஷன் கேட்ட லாட்ஜுக்கும் இன்வாய்ஸ் கேட்ட பார்சல் பார்ட்டிக்கும் பதில் போகவில்லை. அடுத்த வாரம் வழக்கமான பார்ட்டிகள் சிலர், உங்க இன்வாய்ஸ் ஸ்பேமில் கிடந்தது என்றார்கள். பத்து வருடமாகச் சேர்த்த நல்ல பெயரை எடுத்து, வாங்கிய டேட்டாவுக்குச் செலவழித்தால் வேறென்ன வரும்.

31 சதவீதம் திறந்தார்கள் என்ற நம்பிக்கை

நிறுத்துவதற்கு முன் சேவையின் திரை 31 சதவீதம் திறந்ததாகக் காட்டியது. சந்தோஷப்பட ஒன்றுமில்லை. 2021 செப்டம்பரில் இருந்து ஆப்பிள் மெயிலில் தனியுரிமைக் காவலை இயக்கியவர்களின் மெயில் படங்களை ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடும். ஆள் பார்க்காவிட்டாலும் 'திறந்தது' என்று கணக்கில் ஏறும். கம்பெனி மெயில்களில் வைரஸ் சோதிக்கும் மென்பொருள் எல்லா இணைப்பையும் தானே தட்டிப் பார்க்கும். மெயில் போன சில நொடிக்குள், ஒரே முகவரி, எல்லா இணைப்பும் என்று தட்டியிருந்தால் அது இயந்திரம்தான். இந்தக் கடை அளவுக்கு எண்ண வேண்டியவை மூன்று: பதில் எழுதியவர்கள், போன் செய்தவர்கள், அந்தக் கூப்பனோடு வந்த ஆர்டர். அதற்குக் கூப்பனும் வழிக்கு ஒன்றாக நான்கு வைத்திருக்க வேண்டும்.

திருத்திய விதம்

முதல் வேலை, வாங்கிய 3,200-ஐ அப்படியே அழித்தது. சுத்தம் செய்து தரும் சேவைகள் உண்டு. ஆனால் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்றுதான் அவை சொல்லும், ஆள் கேட்டாரா என்று சொல்லாது. டாலியில் ஒன்றுக்கு மேற்பட்ட லெட்ஜரில் வரும் முகவரியை எல்லாம் ஆடிட்டர் என்று வைத்து நீக்கினார்கள். மீதியை மொத்த வியாபாரி, லாட்ஜ் போன்ற நிறுவனம், சில்லறை என்று மூன்றாகக் குறித்தார்கள். விளம்பரத்துக்கென்று துணை டொமைன் ஒன்று திறந்து, இன்வாய்ஸ் போகும் பெயரில் இருந்து பிரித்தார்கள். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வைத்து, அறிக்கைகளை நான்கு வாரம் பார்த்த பிறகு இறுக்கினார்கள்.

வெப்சைட் ஆட்கள் 700-இல் திரும்பிய 6, விலகிய 4 போக 690. இவர்களுக்குச் சேதி ஒரே வரிதான்: புது டிசைன் வரும்போது மாதம் ஒரு மெயில் அனுப்பட்டுமா, வேண்டுமென்றால் இதைத் தொடுங்கள். முதல் நாள் 50, அடுத்து 50, பிறகு 100, 200, 290. அன்றன்று திரும்பியது 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் மறுநாள் எண்ணிக்கை ஏறும். 212 பேர் தொட்டார்கள். அதுதான் இனி பட்டியல். 6,200-இல் இருந்து 212-க்கு இறங்க மனசு வராது, வாஸ்தவம்தான்.

லாட்ஜுகளுக்குத் தனி மெயில். டாலியில் இருந்த 38 நிறுவன முகவரிகளுக்கு ஒவ்வொன்றாக, படம் இல்லாமல். தலைப்பு: 'லாட்ஜ் பெட்ஷீட் 60×90, 90×108 இன்ச், பிப்ரவரி விலை'. உள்ளே வெள்ளை, கோடு போட்ட வெள்ளை இரண்டு மட்டும், குறைந்தபட்சம் 24 செட், ஜி.எஸ்.டி பில் உண்டு. முதல் சலவையில் எவ்வளவு சுருங்கும் என்று அளந்து எழுதிய ஒரு வரி. சாம்பிள் ஒன்று கூரியரில். அந்தச் சுருக்க வரிதான் பேச்சைக் கிளப்பியது. 90×108 வாங்கிச் சலவையில் சுருங்கினால் மெத்தைக்கு அடியில் செருக இடம் பத்தாது என்பது ரூம் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். 5 பேர் சாம்பிள் கேட்டார்கள், 2 பேர் எடுத்தார்கள். நேரமும் சேர்ந்து வந்தது: ஊட்டி சீசன் ஏப்ரல், மே என்றால் லாட்ஜ் துணி வாங்குவது அதற்கு முன்னால்தான். தீபாவளிக்கு 13 நாள் முன்பு லாட்ஜுக்குப் பெட்ஷீட் விளம்பரம் அனுப்பியதை என்னவென்று சொல்ல.

மொத்த வியாபாரிகளுக்கு இமெயில் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அவர்கள் ரேட் கேட்பது போனில், டிசைன் பார்ப்பது வாட்ஸ்அப்பில், பேரம் நேரில். உடுமலைக்காரரைக் கடைக்காரர் நேரில் போய்ப் பார்த்தார். சில்லறைத் தள்ளுபடி எப்போதும் மொத்த விலைக்கு 20 சதவீதம் மேலேயே நிற்கும், ஆஃபர் போடும் முன் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவது என்று பேசி முடித்தார்கள். தைப்பொங்கலுக்கு அவர் சரக்கு எடுத்தார், பழையதில் பாதி அளவு. அவருடைய லெட்ஜரில் பெயரைக் கடைப்பெயராக மாற்றியாயிற்று. இமெயில் கட்டம் இப்போது காலி.